ஒரு பக்கமாகச் சரிந்த புள்ளி

சென்ற ஆண்டு என் கணவர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் நடந்தது இது.

பெயரின் எழுத்துகளை வளைத்து நெளித்துப் படமாக்குவது எனக்குக் கைவந்த கலை. மயில் என்று எழுதினால் அந்த எழுத்துகளே தோகை விரித்து நிற்கும். எங்கள் பிளாக்கில் கல்யாணம், பிறந்தநாள், ரிட்டயர்மென்ட் எதுவானாலும் பெயர்ப்படத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டேன். பாராட்டை மட்டும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்வேன்.

அவர் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் எதிர்வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்தாள். கம்மாபுரம் பக்கத்துக்காரி. கான்ட்ராக்டில் கிடந்த அவள் கணவர் புதிதாகப் பெர்மனென்ட் ஆகியிருந்தார். என் படங்களைப் பார்த்து, "நானும் கொஞ்சம் கிறுக்குவேங்க்கா" என்றாள். கிறுக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அவள் வரைந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தை விரல் சப்புவதுகூட எழுத்தின் சுழியில் வந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொருவராக அவள் வீட்டுப் படியேறினார்கள். நான் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று, யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று வந்தவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று மனம் கருவும். அவள் மீன்குழம்பு கொடுத்தனுப்பினால் உப்புக் கரிக்கிறது என்பேன். கிண்ணத்தை மட்டும் வழித்துவிடுவேன்.

என் கணவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. அவருடைய ஷிப்டில் இருந்தவர்கள் நினைவுப் பரிசாகப் பெயர்ப்படம் கொடுக்க நினைத்து, அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்களே வரைஞ்சா அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்ல, அதாங்க" என்று எனக்கு ஒரு சமாதானம் வேறு. என் புருஷன் பெயரை வரைய இவள் யார்?

மாலையும் கழுத்துமாக அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவளும் கூட வந்திருந்தாள். ஹாலில் வைத்துப் படத்தைப் பிரித்தார்கள். பெயரின் மற்ற எழுத்துகளெல்லாம் மண் வெட்டும் ராட்சத இயந்திரமாகியிருந்தன. கடைசியில் இருந்த 'ன்' அவர். அதன் தலைக்கு மேல் வைக்கும் புள்ளிதான் ஹெல்மெட் போட்ட தலை. அந்தப் புள்ளி மட்டும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி.

"எல்லாம் சரிதாம்மா, புள்ளிதான் கோணிப்போச்சு" என்றேன், நாலு பேர் கேட்கும்படியாக.

அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணன் அப்படித்தானேக்கா நிப்பாரு. எடது காது கேக்காதில்ல. எங்க வூட்டுக்காரரு பேசிக்கினு இருக்கசொல்ல பாத்திருக்கேன், வலது காதைத்தான் சாய்ச்சிக் குடுப்பாரு. ஒங்களுக்குத் தெரியாததா?"

கூட வேலை பார்த்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த வாரம்கூட இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

எல்லோரும் போனபிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "நீ திட்டுறதுல பாதிதான் விழுது. அது நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

படம் இப்போது எங்கள் சொந்த வீட்டில் மாட்டியிருக்கிறது. கோடு, சுழி எல்லாம் அவளைப்போல் வரைய நானும் பழகிவிடுவேன். என் வீட்டு மனிதரை என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டாளே, அந்தப் பொறாமை மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆறாமலே இருக்கட்டும், அதுதான் என்னைத் தினமும் அவருடைய வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசவைக்கிறது.