தண்ணி குதிக்காது

நேசமலர் அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகக் கணக்காளர். என் வீட்டுக் கூரை வேலை முடிந்ததா என்று முதலில் கேட்டார். பிறகு, "நேசமலர் மிஸ் காலமை போயிட்டா. இனி ஒருத்தரும் பேச்சு வாங்கத் தேவையில்ல" என்றார். அவர் அழவில்லை, நானும் அழவில்லை. அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு இது அதிசயமாக இராது.

வாவியின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் எங்கள் பிரிவில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் உருகிப் பாடுவார். திங்கட்கிழமை வந்து யாரையாவது அழவைப்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் முதல் அறிக்கையை நீட்டியபோது, "இத எழுதினது நீங்களா, காய்ச்சலா?" என்று கேட்டார். அந்தப் பெண் மறுமாதம் வேறு பிரிவுக்குப் போய்விட்டாள்.

வவுணதீவுப் பக்கம் ஒரு பாலத்தின் அடியில் நீர்மட்டக் கருவி ஒன்று தொங்குகிறது. அதைச் செய்த கம்பனி மூடப்பட்டது. அதன் கோப்புகளை வாசிக்கும் மென்பொருளும் அதோடு போயிற்று. கோப்பைத் திறந்தால் பைட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். எது நேரம், எது தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கவலைப்படவுமில்லை.

அந்த மாரியில் வவுணதீவு வட்டைகளில் நெல் வயல்கள் மூழ்கின. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால்தான் வாவி வடியும், வெட்டும் கட்டளையோ பிந்தி வந்தது. எங்கள் வெளிக்கள அலுவலர் ரஜீவன், காலையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, வெட்டுங்கள் என்று மத்தியானமே போனில் சொன்னதாகச் சொன்னார். வடிகிறது என்றுதான் அவர் சொன்னார் என்றார் மேலதிகாரி. ரஜீவனோ, பின்னால் கலியாண வீட்டு மேளச் சத்தம் கேட்கக் கேட்க, "பாலத்தடியில நிக்கிறன் மிஸ்" என்று சொல்லக்கூடிய ஆள். ஆகவே கோப்பைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

அக்கா அதை அவிழ்த்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரே அளவாகக் கூடிக்கொண்டு போன எண்கள் நேரம் என்று முதலில் பிடித்தார். அடுத்த இரண்டு பைட்டுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக வாசித்தபோது, பெறுமானம் தாறுமாறாகத் துள்ளியது. "தண்ணி குதிக்காது புள்ள. குதிச்சா வாசிக்கிற நாமதான் பிழை" என்றார். இரண்டு பைட்டுகளையும் முன்பின்னாக மாற்றினார். கோடு குளத்து நீர்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. அளவு மில்லிமீற்றர் என்பதும் பிடிபட்டது. அந்த நாளுக்குரிய கோடு காலையிலிருந்து மாலைவரை இறங்கியது.

விசாரணையில் ரஜீவன் எழுந்து, "சத்தியமா நான் பாலத்திலதான் நிண்டனான் மிஸ்" என்றார்.

"நீங்க கலியாண வீட்டிலயும் நிப்பீங்க தம்பி. ஃபைலுக்குப் போறத்துக்குக் கலியாண வீடு இல்ல" என்றார் அக்கா. அறை சிரித்தது. ரஜீவனின் வேலை போயிற்று. பயிரை இழந்தவர்கள் சந்தையில் வைத்து அவருடைய தாயை ஏசினார்கள்.

அடுத்த போகத்தில் வேறொரு தேவைக்காக அக்கா முழுக் கோப்பையும் வரைந்தார். வரைந்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்துவாரம் வெட்டின உடன வாவி ஏறுமா புள்ள?"

வெட்டிய நாளிலிருந்து கோடு மேலே ஏறியிருந்தது. பைட்டுகளின் ஒழுங்கு சரி, அளவும் சரி. ஆனால் அந்த எண் நீரின் உயரமல்ல, பாலத்தடியிலிருந்து நீர்வரைக்குமான தூரம். தண்ணீர் ஏறினால் எண் குறையும். கருவி குனிந்தபடி தொங்குவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். எந்தப் பக்கத்திலிருந்து அளக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா மேலிடத்துக்குப் போனார். விசாரணை முடிந்த விடயம் என்றார்கள். மேலதிகாரிக்கு அதற்குள் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அக்கா வவுணதீவில் விவசாயிகள் கூட்டத்துக்குப் போய், பிழை தன்னுடையது, ரஜீவனுடையதல்ல என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப எங்கட வயல் தண்ணிக்கு மேலயா கிடந்தது மிஸ்?" என்று கேட்க, கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "சிரிங்க. அவரையும் பாத்து இப்படித்தான் சிரிச்சம்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு ஓயும்வரை நின்றார்.

மறுகா, கூட்டம் முடிந்த பிறகு, அக்காவும் நானும் ரஜீவனிடம் போனோம். அவர் அப்போது நாவற்குடாவில் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. "நான் எத்தினையோ பொய் சொல்லியிருக்கன் மிஸ். அந்த ஒரு நாள்தான் உண்மை சொன்னனான். அதத் தேடிப் புடிச்சு அடிச்சிட்டீங்க."

"ஓம்" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரஜீவன் கொடுத்திருக்கவும் மாட்டார். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

செத்த வீட்டுக்கு ரஜீவன் வந்தார். ஓட்டோவை வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டொக்டர் சரியாப் பாத்துத்தான் சொன்னவரா மிஸ்? ஏறினத இறங்கினதா வாசிச்சிருக்க மாட்டாரே?"

அவர் உள்ளே வராமலே போய்விட்டார்.

நல்லவர் என்று அக்காவைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். நாவற்குடாவிலிருந்து திரும்பும்போது வாகனத்தில் சொன்னார்: "குதிக்காட்டியும் பிழையா வாசிச்சிருக்கலாம் புள்ள." இப்போதும் தெரியாத கோப்பொன்று மேசைக்கு வந்து, கோடு அழகாக வழுக்கிக்கொண்டு போனால், எனக்குப் பயம் வருகிறது. அந்த நாளில் அங்கே நின்றவர் யார் என்று விசாரிக்கிறேன். அவர் பொய்யர் என்று யாராவது சொன்னால், முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறேன்.