திருப்புளி வழியே கேட்ட சத்தம்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வாலிநோக்கம் போகிற சாலையில் எங்கள் அய்யா மரக் கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் கடைவார். மதுரையில் யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய மிஷின். உப்பளத்துக் காற்று பட்டுப் பட்டு உடம்பெல்லாம் துரு.

நான் சிறு பிள்ளையாக இருந்த அந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு நயினார்கோவில் பக்கம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தகப்பன் செய்த கட்டில் எந்த வண்டியில் ஏறுகிறதோ அதே வண்டியில்தான் பெண்ணும் ஏற வேண்டும். கட்டில் முடியாததால் அக்கா இன்னும் எங்களோடு இருந்தாள். அவள் போய்விட்டால் எனக்கு யார் சடை பின்னுவது? என் கவலை அவ்வளவுதான்.

மூன்று கால் கடைந்தாயிற்று. நான்காவதைப் பிடித்தபோது மிஷின் கத்தத் தொடங்கியது. முதலில் சீட்டியடிப்பது மாதிரி, பிறகு கரகரவென்று. மரத்தில் வரிவரியாகத் தழும்பு விழுந்தது.

கடற்கரையில் வள்ளம் கட்டும் எங்கள் தாய்மாமா ஒரு போத்தலோடு வந்தார். வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய். “கடத்தண்ணியவே தாங்குது மச்சான், ஒங்க மிஷினு எம்மாத்திரம்?” என்று ஊற்றிவிட்டார். அன்றைக்குச் சத்தம் அடங்கியது. மறுநாள் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து களிபோல இறுகி, சத்தம் முன்னைவிட அதிகமானது. தெருப் பூனை எல்லாம் மிஷினைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. “மிஷினு வாங்குனீகளா, பூனைக்கு மடம் கட்டுனீகளா?” என்று அம்மா கேட்டாள்.

அய்யா பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினார். சத்தமில்லை. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை. அதை நிறுத்திவிட்டு, மரத்தைச் சுழற்றும் தண்டைக் கையால் சுற்றினார். நெறநெறவென்றது. மேலும் கீழும் அசைத்தார், ஆடியது. தண்டைத் தாங்குகிற பேரிங் இரண்டில் எது என்று தெரிய வேண்டும். பெல்ட்டை மாட்டி மறுபடி ஓடவிட்டார். அந்த இரைச்சலிலேயே காலம் போனதால் அவருக்குக் காது மந்தம். அதனால் என்னைக் கூப்பிட்டார். நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் கூட்டின்மேல் அவரே ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மரப்பிடியில் என் காதை வைக்கச் சொன்னார். பின்பக்கத்தில் வெறும் காற்றுச் சத்தம். முன்பக்கத்தில், நண்டு மண்ணைப் பறிக்கிற மாதிரி கேட்டது. சொன்னேன்.

“அப்ப முன் பேரிங்குதான்” என்றார்.

கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். உள்ளே குண்டுகளில் எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. மாமா பஸ் ஏறிப் போய் ராமநாதபுரத்தில் புதுசு வாங்கி வந்தார். மாட்டியதும் மாவு சலிக்கிற மாதிரி மெதுவாக ஓடியது.

“முடிஞ்சிச்சு மச்சான். நாளைக்கே காலக் கடஞ்சு வண்டி கட்டிரலாம்.”

அய்யா தலையை ஆட்டினார். “இல்ல மாப்ள. உள்ள இன்னும் ஒரு சத்தம் இருக்கு.”

“இந்தா பார்றா! காது கேக்காத மனுசனுக்கு மட்டும் கேக்குதாக்கும்!”

அய்யா என்னைக் கூப்பிட்டார். அக்கா டீத் தம்ளரோடு வாசலில் நின்றாள். அய்யா திருப்புளியை ஊன்றிப் பிடித்தார். “நல்லாக் கேட்டுச் சொல்லு தாயி” என்றார்.

கேட்டேன். நண்டு இல்லை. ஆனால் என்னவோ இருந்தது. “டுக்கு டுக்குன்னு, எதோ நடுங்குற மாதிரி இருக்குய்யா” என்றேன்.

“கேட்டியா மாப்ள!” என்றார் அய்யா.

வாய் ஓயாத மாமா அய்யாவின் கையையே பார்த்தார். பிறகு அவரே போய் மோட்டாரை நிறுத்தினார். “கழட்டுங்க மச்சான். எதுக்கும் இன்னொருக்க பாத்துருவோம்” என்றார். அக்காவுக்குப் பின்னால் நின்ற அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கே கேட்காதது எனக்குக் கேட்டதே என்று நிமிர்ந்து நடந்தேன்.

புது பேரிங்கைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, மறுபடி கழற்றி என்று நாள் ஓடியது. அக்கா இன்னும் சில நாள் எனக்குச் சடை பின்னினாள். பிறகு நான்காவது காலும் முடிந்தது. கட்டில் ஏறிய வண்டியில் அவளும் ஏறினாள்.

வண்டி மறைந்ததும் அய்யா பட்டறைக்குள் போனார். மரம் எதுவும் மாட்டாமல் மிஷினை ஓடவிட்டு, பக்கத்தில் நின்றார். நான் திருப்புளியை எடுத்து நானே ஊன்றிக் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

“சத்தம் நின்னுருச்சுய்யா!” என்று கத்தினேன்.

“ம்” என்றார். மிஷினை அவர் நிறுத்தவில்லை.

இப்போது அய்யாவும் இல்லை, அக்காவும் இல்லை. இருந்தால் கேட்டிருப்பேன். தம்ளரில் டீ ஊற்றினால் என் கையும் ஆடுகிறது. நான் எழுதியதில் முன் பேரிங், பின் பேரிங் மாறியிருக்கலாம். மிஷின் வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அப்படியே இன்னொன்றும் சொல்லுங்கள். திருப்புளியைப் பிடித்திருப்பவரின் கை நடுங்கினால், அது காது வைத்திருப்பவருக்குக் கேட்குமா?