மேல்மாடிக்காரரின் மழைப் பேச்சு

எண்பதுகளின் கடைசியில் நானும் மனைவியும் லண்டனில், வால்தம்ஸ்டோவில் குடியிருந்தோம். மேல்மாடியில் இருந்த நைஜீரியர், இக்போ இனத்தவர், அடிக்கடி வந்து உட்கார்ந்து மழையைப் பற்றியே பேசுவார். "என்ன விஷயம்?" என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

"எங்களை வேவு பார்க்க வீட்டுக்காரன் விட்ட ஆள் போலை கிடக்கு. அந்தாளோடை கதைச்சுப் போடாதை," என்று மனைவியை எச்சரித்தேன்.

"ஓம்," என்றாள்.

இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அறியத்தான், நூலகத்தில் ஓர் இக்போ எழுத்தாளரின் நாவலை எடுத்தேன். அதில் துயரச் செய்தி கொண்டுவந்தவன் முதலில் மழை, கிழங்கு என்றே பேசுகிறான். எழுத்தாளரின் வசனங்களும் அவனைப் போலவே அவசரப்படாமல் சுற்றி வந்தன. கனமான விஷயத்தை எடுத்தவுடன் சொல்வது அவர்களிடம் மரியாதையில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு மேலே போனேன். மழைப் பேச்சு முடியும்வரை குறுக்கிடவில்லை.

"நீங்கள் வேலைக்குப் போனதும் உங்கள் மனைவி அழுகிறார்," என்றார் மெல்ல.

அவரிடம் எத்தனை தடவை "என்ன விஷயம்?" என்று கேட்டிருப்பேன். அவளிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை.