வடக்கு பார்த்து நின்ற பஸ்

எங்கள் சித்தப்பா ஒரு பஸ் வைத்திருந்தார். அது எந்த ஊருக்குப் போனாலும் வடக்கு பார்த்துத்தான் நிற்கும். வேறு திசையில் நின்றால் அன்றைக்கு அதில் அடுப்பு எரியாது.

இதைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்திலும் சிரித்தார்கள். ஆனால் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு அப்புறம்தான் சிரித்தார்கள்.

சித்தப்பா என் நைனாவுக்கு இளையவர். நைனா கடலை ஒட்டிய உப்பு ஏரியில் வலை போடுவார். சித்தப்பாவுக்குத் தண்ணீரைவிடச் சக்கரம்தான் பிடிக்கும். சில வருஷம் லாரி ஓட்டினார். பிறகு ஒரு கம்பெனிக்காக ஏரிக்கரை ஊர்களில் இறால் வாங்கி அனுப்பும் வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். பனையோலைச் சாய்ப்பில் படுத்து, மூன்று கல் கூட்டிப் பொங்கித் தின்றுவிட்டு, கண் சிவக்க வீடு திரும்புவார்.

தை மாதத்தில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. சின்னம்மா காசிமேட்டுப் பெண். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு அறை. நைனா, அம்மா, பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், கல்யாணமாகாத அத்தை ஒருத்தி என்று ஏற்கெனவே நிறைந்திருந்த அந்த வீட்டில் சின்னம்மாவும் வந்து ஒண்டிக்கொண்டாள்.

அடுப்பங்கரை ஒன்றுதான். அம்மா நல்லவள். ஆனால் அவள் வைத்த குழம்பில் இன்னொரு கை உப்பு விழுவதை அவளால் தாங்க முடியாது. சின்னம்மாவும் நல்லவள்தான். ஆனால் யார் வைத்த குழம்பானாலும் ருசி பார்த்து ஒரு கை உப்புப் போடாமல் அவளால் நகர முடியாது. இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டதில்லை. ஆளுக்கொரு கை போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். சண்டையைச் சாப்பிட்டது நாங்கள்தான்.

பங்குனியில் ஒரு நாள் சின்னம்மா எல்லார் முன்னாலும் சித்தப்பாவிடம் சொன்னாள்.

"இந்தாங்க, எனக்குன்னு ஒரு அடுப்பங்கரை வேணும். உங்க கூட ஏரிக்கரைக்கும் வரேன். ஆனா மூணு கல்லு வெச்சி ஊதிக்கினு கெடக்க மாட்டேன். இல்லன்னா ஆடிக்கு எங்க அம்மா ஊட்டுக்குப் போறவ ஆவணிக்குத் திரும்ப மாட்டேன்."

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆவணி பிறந்ததும் அவள் புருஷன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்தப் புருஷன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சித்தப்பா அன்று சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

வைகாசியில் ஒரு மத்தியானம் எங்கள் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வீட்டை ஒட்டி வலை காயப்போடும் திடலில் ஒரு கிழட்டு பஸ் நிற்கிறது. உள்ளே சீட்டு ஒன்றுகூட இல்லை. டிரைவர் சீட்டில் மட்டும் சித்தப்பா.

"டேய், அடுப்பு கேட்டா பஸ் வாங்கினு வந்து கீற?" என்றார் நைனா.

"ண்ணா, இது பஸ் இல்லண்ணா. ஊடு."

அடுத்த வாரம் ஐஸ் லாரியின் மேல் ஐந்து பச்சை நிற அலமாரிகள் வந்து இறங்கின. மதராஸில் யாரோ பெரிய வீட்டுக்காரர்களின் சமையலறையிலிருந்து கழற்றி விற்றதை, பழைய சாமான் கடையில் சித்தப்பா வாங்கியிருந்தார். அடியில் வைக்கும் பெட்டி மூன்று, மேலே தொங்கவிடும் பெட்டி இரண்டு. கதவைத் தொட்டால் 'டக்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். தெருப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று டக் டக் என்று திறந்து மூடினோம்.

"எல்லாம் ரெடிமேட் அண்ணி. கொண்டாந்து வெச்சா முடிஞ்சிது" என்றார் சித்தப்பா.

"சட்டைதான் ரெடிமேடுல வரும்னு நெனச்சேன். அடுப்பங்கரையுமா?" என்றாள் அம்மா.

ரெடிமேட் சட்டை எங்கள் ஊரில் யாருக்கும் தோளில் சரியாக உட்கார்ந்ததில்லை. அலமாரியும் அப்படித்தான் செய்தது. நேரான சுவருக்குச் செய்த பெட்டி அது. பஸ்ஸின் சுவரோ வயிறு தள்ளிக்கொண்டு வளைந்திருந்தது. போதாததற்குப் பின்சக்கரத்தின் மேல் இரும்பு புடைத்து நின்றது. இடதுபக்கம் ஏறி இறங்கும் வாசல். ஆகவே எல்லாவற்றையும் வலதுபக்கமே வைக்க வேண்டியதாயிற்று.

அந்த வேலையைச் செய்ய வந்தவர் தோணி கட்டும் ஆசாரி. அவர் ஒரு பெட்டியின் அடியைச் சக்கரத்துக்கு ஏற்ற மாதிரி அறுத்தார். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி, தோணிக்குப் பூசுவது போலவே பூசிவிட்டார். "ஏரியில எறக்குங்க, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்தா என்னக் கேளுங்க" என்றார். பஸ்ஸை யாரும் ஏரியில் இறக்கப் போவதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு அழகாகப் பூசியிருந்தார்.

ஆனியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடாயிற்று. தெருவே திரண்டது. சின்னம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அலமாரிப் பலகையின் மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து, பித்தளைச் சொம்பில் பாலை ஊற்றினாள். தீக்குச்சியைக் கிழிக்கப் போகும்போது அம்மா ஒரு சத்தம் போட்டாள்.

"அய்யய்யோ! நிறுத்துடி! எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கிற நீ?"

எல்லாரும் வெளியே தலையை நீட்டிச் சூரியனைப் பார்த்தார்கள். பஸ் வந்த நாளிலிருந்து கிழக்கு பார்த்து நின்றது. வலதுபக்க அலமாரியின் முன்னால் நிற்கிறவள் தெற்கு பார்த்துத்தான் சமைக்க வேண்டும். நல்ல நாளில், புது அடுப்பில், எமன் திசையைப் பார்த்துப் பால் காய்ச்சுவதா? சமைக்கிறவள் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். குடிசை போடுகிறவன்கூட அடுப்பு மூலையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பான். இது பஸ் என்பதால் ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்றை முகத்தில் வாங்கியே திசை சொல்லுகிற அத்தனை பேரும் பத்து நாளாகக் கதவை டக் டக் என்று திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அலமாரியக் கழட்டி மாத்திடலாமா?" என்றார் நைனா.

ஆசாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பஸ்ஸு ரெண்டாப் பொளந்தாலும் அது வராது" என்றார்.

சின்னம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குக் கொடுத்து வெச்சது அவ்ளோதான்" என்று கிழிக்காத குச்சியைக் கீழே போட்டாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பிறகு திடீரென்று துள்ளி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"அலமாரி திரும்பலன்னா இன்னா? ஊட்டத் திருப்பு!"

பஸ் வடக்கு பார்த்தால் வலதுபக்கம் கிழக்காகிவிடும் அல்லவா? ஆனால் திடல் முழுக்க மணல். கிளப்பியதும் பின்சக்கரம் புதைந்துகொண்டது. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். தோணியைக் கடலில் தள்ளும்போது போடுகிற உருட்டுக்கட்டைகளைக் கொண்டுவந்து சக்கரத்தின் கீழ் கொடுத்தார்கள். ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் "ஐலசா" போட்டார்கள். ஆசாரியும் தள்ளினார். பொம்பளைகளும் தள்ளினார்கள். சின்னம்மா உள்ளே இரண்டு கையாலும் பால்சொம்பைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக ஆடிக்கொண்டிருந்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி மணலிலிருந்து ஏறியபோது ஐந்து அலமாரிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்து, மேல்பெட்டிகளில் அடுக்கியிருந்த தட்டும் தம்ளரும் அரிசிமாவும் சின்னம்மாவின் தலையில் கொட்டின.

தெருவைத் தாண்டி, சவுக்குத் தோப்பைச் சுற்றி, தெற்குப் பக்கமாகத் திடலுக்குள் நுழைந்து, வடக்கு பார்த்து பஸ் நின்றது. தலை நிறைய மாவோடு சின்னம்மா கிழக்கு பார்த்துப் பால் காய்ச்சினாள். பொங்கியது. அம்மாதான் முதலில் குலவை போட்டாள். நைனா அன்று சாயங்காலமே பழைய வலை ஒன்றை அறுத்து அலமாரிகளின் மேல் இழுத்துக் கட்டிவிட்டார். "மீனே தப்பாத வலை. தட்டு எங்க தப்பும்?" என்றார்.

அதன்பிறகு எங்கே நிறுத்தினாலும் வடக்குதான். ஏரிக்கரைக்குப் போகும்போது சித்தப்பாவும் சின்னம்மாவும் தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று பிள்ளைகள் நாங்கள் முறைவைத்துக் கூடப் போனோம். பஸ் வீட்டில் நிற்கும் நாட்களில் அத்தையும் நாங்களும் அதிலேயே படுத்துக்கொண்டோம். பகலெல்லாம் அலமாரி பார்க்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பொன்னேரியிலிருந்து வருகிற வண்டி எங்கள் திடலுக்குக் கிழக்கு பார்த்துத்தான் வந்து சேரும். ஏரிக்கரையிலிருந்து வந்ததும் சித்தப்பா எங்களை இறக்கிவிட்டு, திசை பார்த்துச் சொல்லச் சின்னம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு, தோப்பைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வருவார். முதலில் உடனே வந்தார்கள். போகப் போக அந்தத் தோப்பு பெரிதாகிக்கொண்டே போனது.

ஆடி பிறந்தது. காசிமேட்டிலிருந்து சின்னம்மாவின் அப்பா வந்து அவளை அழைத்துப்போனார்.  போகும்போது, திரும்பி வருவேன் என்று அவள் சொல்லவில்லை. சித்தப்பா அந்த மாதம் முழுக்கப் பஸ்ஸில் அடுப்பு மூட்டவில்லை. அலமாரியை மட்டும் தினம் துடைத்தார். அம்மாவின் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. அம்மாவே ஒரு நாள், "சப்புனு கீது, இல்ல?" என்று கேட்டாள்.

ஆவணி முதல் நாள் சித்தப்பா விடிந்ததும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். அவள் வருவாளா மாட்டாளா என்று அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ஹாரன் கேட்டது. பஸ் நிறைய ஆட்கள். சின்னம்மா, அவள் அப்பா, அம்மா, சீர்த் தட்டோடு ஏழெட்டு உறவுக்காரர்கள். அம்மா ஓடிப்போய்ச் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அன்று சித்தப்பா முதலிலேயே தோப்பைச் சுற்றி வந்துவிட்டார். பஸ் கச்சிதமாக வடக்கு பார்த்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். சின்னம்மா மட்டும் படியில் நின்று வானத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, கொஞ்சம் சாஞ்சாப்பல கீதே. திருப்பி நிறுத்தணும்."

"ஆமா, சாஞ்சிதான் கீது" என்று சித்தப்பா மறுபடியும் சீட்டில் உட்கார்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சின்னம்மா! மேக்கத்திக் காத்து இடது பக்கம் அடிக்குது பாரு. நேரா வடக்குதான்!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்திப் பின்னால் இழுத்தாள். அவள் தோள் ஏன் குலுங்கியது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் கடலுக்குப் போன சின்னம்மாவின் அப்பா சூரியனை அண்ணாந்து பார்த்து, "மாப்ள சொல்றது சரிதான், கோணலாத்தான் கீது" என்றார். நைனாவும் தலையாட்டினார். ஆசாரிகூடத் தலையாட்டினார். பஸ் இரண்டு பேரோடு தோப்புப் பக்கம் போய் மறைந்தது.

இத்தனை பெரியவர்களுக்கும் ஒரே நாளில் வடக்கு மறந்துபோனதை நினைத்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கடலிலும் ஏரியிலும் இவர்கள் எப்படிக் கரை திரும்புவார்கள்? நைனாவின் பக்கத்தில் போய், அவர் வெட்கப்படக் கூடாது என்று காதோடு சொன்னேன்.

"நாளைக்கு நானும் தோணியில வரேன் நைனா. எது வடக்குனு நான் சொல்றேன்."