கோமாரியில் கழற்றித் தந்த குரொஸ்

பொத்துவிலில் மீன் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குத் திரும்பும்போது, கோமாரியில் எங்கள் பழைய லொறியின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டை இணைக்கும் ஷாஃப்ட் குரொஸ் உடைந்து, வண்டி நகராமல் நின்றது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். எங்கள் ஊர்ப் பார்ட்ஸ் கடையெல்லாம் பூட்டு. ஐஸ் உருகிச் சொட்டியது. கணவரோடு நானும் பிள்ளையும் வந்ததால்தான் புறப்படத் தாமதமாகி, கடை பூட்டும் நேரத்தில் மாட்டிக்கொண்டோமோ என்று மனம் அரித்தது.

லொறி நின்ற இடத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்தார்; அவரிடமும் எங்களுடையதைப் போன்ற லொறி இருந்தது.

"என்ட லொறியில இருக்கிறதக் கழட்டித் தாறன், தம்பி."

"அப்ப உங்கட ஓட்டம், அண்ணன்?" என்றார் கணவர்.

"என்ட கிழட்டு லொறியும் ஒரு நாளைக்குப் படுக்கட்டும்!"

"நாங்க திருப்பிக் கொண்டு வராட்டி?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"மீன் நாறப்போகுது, தங்கச்சி. அத நாளைக்கு யோசிப்பம்."

மறுநாளே புதியதை வாங்கி அவர் லொறியில் பூட்டிக் கொடுத்தோம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், யோசித்து முடிப்பதற்குள் அந்த மீன் கெட்டுப்போயிருக்கும்.