மாமா கொடுத்த நிலம்

பெரிய மாமா எங்களுக்கு நிலம் கொடுத்ததாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திரிங்காப் மலைச்சரிவிலிருந்த அந்தத் துண்டில் அவரே பல வருஷம் மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டி, மண் கட்டாந்தரையாக இறுகியபிறகுதான் கொடுத்தார் என்பதை யாரும் பேசவில்லை. தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் வேலை போய், தோட்டம் தந்த லைன் வீட்டையும் காலி செய்திருந்த நேரம் அது.

“சும்மாதான் கெடக்குது, எடுத்துக்க தங்கச்சி. நான் என்ன திருப்பியா கேக்கப் போறேன்?” என்றார் மாமா அம்மாவிடம்.

அம்மா ரிங்லெட்டில் நடந்த விவசாய வகுப்புக்குப் போய் ஒரு பொட்டலம் கறுப்புப் பொடி வாங்கிவந்தாள். கஞ்சியில் நனைத்த பட்டாணி விதைகளை அதில் புரட்டினாள். பொட்டலத்தை நான் வெயிலில் வைத்ததைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

“உசுரு இருக்குடி அதுல. செத்துப்போயிரும்!”

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளாம். பட்டாணி வேரில் குடியேறி, காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுமாம். கிருமி என்றால் காய்ச்சல் என்று மட்டும் அறிந்திருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. செடி வளர்ந்ததும் ஒன்றைப் பிடுங்கி, வேரிலிருந்த குட்டி முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு. “இப்படி இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றாள்.

பூத்துக் குலுங்கிய செடிகளை அவள் வெட்டி மண்ணுக்குள் புதைத்தபோது அப்பா தலையில் கைவைத்தார். “காய்க்கிற நேரத்துல வெட்டுறியே, பைத்தியமாலா உனக்கு?”

“மண்ணு மொதல்ல சாப்பிடட்டும்” என்றாள் அம்மா.

மறுபடியும் பட்டாணி, மறுபடியும் புதைப்பு. அதற்குப் பிறகு போட்ட, நாங்கள் கோபிஸ் என்று சொல்லும் முட்டைக்கோஸ், பெயருக்குக் கொஞ்சம் உரத்தோடு, திரண்டு நின்றது. மாமா வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார்.

“சாக்லேட் மாரி இருக்கே!”

அவர் வாயால் அம்மாவைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் வாசலில் பலர் முன்னால் மாமா சொன்னார்: “மவன் கேஎல் பட்டணத்துலேருந்து திரும்பி வர்றான். அவனுக்கு ஒரு எடம் வேணும்லா. இந்தக் கோபிஸ வெட்டிட்டு விட்டுரு தங்கச்சி.”

“அந்த மண்ண நான்தானே அண்ணே உண்டாக்குனேன்?”

“மண்ணு உன்னுதுதான், யாரு இல்லேன்னாங்க? நெலம் என்னுது. வேணும்னா மண்ண அள்ளிட்டுப் போ.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று நானும் சிரித்தேன்.

அம்மா கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமா மகன் பழையபடி உரமூட்டைகளை இறக்கினான். கிறிஸ்துமஸ் அன்று மாமா அந்த நிலத்து முட்டைக்கோஸ் ஒன்றைப் பரிசுபோல ஏந்திவந்தார். அப்பா வெளியே எழுந்துபோனார். அம்மாவோ இரு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே, சாப்ட்டுட்டுப் போங்க” என்று சிரித்தாள்.

எனக்கு அம்மாமேல்தான் ஆத்திரம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. லைன் வீட்டை விட்டபின் நாங்கள் குடியிருந்த அந்தப் பின்னறையும் மாமாவுடையது. அதற்குள் நின்றுகொண்டு அம்மாவால் சிரிக்க மட்டும்தான் முடியும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.