காளியாயி அக்காவோட தவளைக் காடு

எங்க அக்கா காளியாயி பொகவந்தலாவைக்கு மேல, எங்க தோட்டத்துல முப்பது வருசமா கொழுந்து எடுக்குது. அட்டைக்கும் பயப்படாது, தொரைக்கும் பயப்படாது. அதோட உசுரெல்லாம் தேயிலைக்கு மேல இருக்குற காட்டோரத்துல, நகம் பெருசுல இருக்குற ஒரு பச்சைத் தவளை மேலதான்.

அந்தத் தவளை தண்ணியில முட்டை போடாது. சருகுக்குக் கீழ குழி பறிச்சு, முட்டையப் போட்டு மண்ணால மூடிரும். குட்டித் தவளையாவே வெளிய வரும். கொழுந்து எடுத்துக்கிட்டே இதையெல்லாம் பாத்து வச்சிருந்துச்சு அக்கா. நாக்கைத் தட்டி டக் டக்குன்னு கூப்பிட்டா, பொதருக்குள்ள இருந்து பதில் வரும். ஆராய்ச்சிக்கு வந்த கம்பஸ் பிள்ளைங்களே அசந்து போச்சுங்க. ஒலகத்துல கொஞ்ச எடத்துலதான் இது மிச்சம்னு சொன்னதே அவங்கதான்.

அந்தக் காட்டை வெட்டி மரக்கறி போடத் தோட்டத்துல முடிவாயிருச்சு. அக்கா விடல. ஒரு வருசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்ல இருந்து சிங்களத்துல சொல்லணும். கூடப் போன எனக்கே வெறுத்துப் போச்சு. கடைசியில கொழும்புல இருந்து பெரிய ஆபீசருங்க வாறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. தவளைய அவங்க கண்ணால பாத்து எழுதிட்டா, காட்டை யாரும் தொட முடியாது.

அவங்க வாறதுக்கு முந்தின நாள் காலையில, ஆளுங்க கூடுற பெரட்டுல வேலை பிரிக்கும்போது, எங்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா ஆம்பளை ஆளுங்களக் காட்டோரத்துக்கு அனுப்புனாரு. வெளியாளு வந்தா எங்க தோட்டத்துல எப்பவும் இப்படித்தான். புல்லைச் செரண்டணும், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். அக்கா வேற மலைக்குக் கொழுந்துக்குப் போயிருச்சு. பளிச்சுன்னு இருந்தா அக்கா சந்தோசப்படும்னு, நானே முன்னால நின்னு பொதரை வெட்டுனேன். சருகை மண்ணோட வழிச்சு அள்ளுனதும் நான்தான். முட்டை எங்க இருக்கும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கும். கூறுகெட்டவன் நான்.

மறுநாள் மத்தியானம் கொழும்பு வேன் வந்துச்சு. நல்ல மிஸ்ட்டு, தவளை கத்துற நேரம். அக்கா மொட்டைத் தரையைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. குத்த வச்சு உக்காந்து நாக்கைத் தட்டுச்சு. பதில் வரல. ஒரு மணி நேரம் கழிச்சு கொழும்புல இருந்து வந்த ஐயா, தவளை இல்லைன்னு எழுதுனாரு. நேத்துத்தான் வெட்டுனாங்க ஐயான்னு அக்கா சொல்லுச்சு. கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்னு சொல்லிட்டாரு.

வேன்ல ஏறும்போது, இது யாரு வேலைன்னு சுண்ணாம்புக் கல்லுங்களைக் காட்டிக் கேட்டாரு. கண்டாக்கு ஐயா என்னையக் காட்டுனாரு. எடத்தை ரொம்பத் துப்புரவா வச்சிருக்கீங்கன்னு கொழும்பு ஐயா என் முதுகுல தட்டிட்டுப் போனாரு. அக்கா இன்னும் அங்கேயே உக்காந்து நாக்கைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு.